வந்த வேகம்

எங்கள் சலவைக்கூடத்து மேற்பார்வையாளரின் பெயர் மொமெண்டம். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, நாங்கள் வைத்தது. காலையில் உள்ளே காலெடுத்து வைக்கும்போதே கையைத் தட்டிக்கொண்டு "மொமெண்டம், மொமெண்டம்" என்றுதான் வருவார். டீ குடிக்க எழுந்தால் மொமெண்டம் போய்விடும். கழிப்பறைக்குப் போனால் மொமெண்டம் குறைந்துவிடும். துவைக்கிற இயந்திரத்தின் கதவு சிக்கிக்கொண்டு இரண்டு பேர் மூச்சுப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாலும், மனிதர் பின்னால் வந்து நின்று அதையேதான் சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. நிற்காதே என்று அர்த்தம் என நாங்களாகவே வைத்துக்கொண்டோம். வேலை முடிந்து கிளம்பும்போது ஒருத்தி நின்று செருப்பு மாட்டினால், "ஏண்டி, மொமெண்டம் போகுது பாரு" என்று இன்னொருத்தி இடுப்பில் இடிப்பாள். அப்போது நன்றாகத்தான் சிரித்தோம்.

அது நாங்கள் பிழைக்க வந்த வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடம். படுக்கை விரிப்பு, போர்வை, ஆபரேஷனுக்குப் போடுகிற பச்சை அங்கி எல்லாம் ஒரு பக்கம் அழுக்காக வரும், மறுபக்கம் சுத்தமாகப் போகும். நான் மடிக்கிற மேஜையில். என் வீட்டுக்காரர் கீழ்க்கதவில். என் தம்பி வண்டியில். மூன்று பேரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோமே என்று மற்றவர்களுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட இருந்தது. இருக்கட்டும், இப்போது ஆறியிருக்கும்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மடித்த துணியை இரும்புக் கூண்டுகளில் அடுக்குவோம். ஆள் உயரக் கூண்டு, அடியில் நான்கு சக்கரம். மூன்று கூண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, பின்னாலிருந்து பேட்டரி வண்டி ஒன்று தள்ளிக்கொண்டு போகும். அதற்கு எருமை என்று பெயர், நடையைப் பார்த்து வைத்தது. எவ்வளவு முறுக்கினாலும் மனிதன் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். தம்பி அதன் பின்பலகையில் நின்றபடி ஓட்டுவான். முன்னால் கூண்டுகள் மறைப்பதால் அவனுக்கு எதிரே எதுவும் தெரியாது. போகிற வழி நீளமான நடைபாதை, கடைசியில் ஒரு சரிவு, சரிவு முடிகிற இடத்தில் பழைய கட்டடத்துக்குப் போகிற கதவு. அந்தக் கதவில் என் வீட்டுக்காரர் நிற்பார்.

"வா, வா, வா, போதும்" என்று அவர் குரல் கொடுப்பார். தம்பி கைப்பிடியை விடுவான். கைப்பிடியை விட்டால் எருமைக்கு பிரேக் விழும், எருமையோடு கோக்காத கூண்டுகளுக்கு பிரேக் கிடையாது. அவை கொஞ்சம் உருண்டு வரும். இவர் முதல் கூண்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, "நில்லு தாயி, எங்க ஓடுற?" என்பார். நின்றுவிடும். தினமும் எத்தனையோ தடவை அப்படி நிறுத்தியிருக்கிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முன்னால் ஒரு கையால் நிறுத்திக்காட்டுவார். "பாத்தியா மாப்ள, உன் எருமை நான் சொன்னாத்தான் கேக்கும்" என்று தம்பியைச் சீண்டுவார். தம்பியை அவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். சின்ன வயதிலிருந்தே அவன் எங்களோடுதான் இருந்தான். அவனுக்குச் சைக்கிள் பழக்கிக்கொடுத்ததும் அவர்தான்.

அன்றைக்கு எங்கள் பக்கத்து உலர்த்தும் இயந்திரங்கள் எல்லாம் படுத்துவிட்டன. துவைத்த துணி ஈரத்தோடு குவிந்து கிடந்தது. பழைய கட்டடத்தில் இருக்கிற இயந்திரங்களில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று உத்தரவு. ஈரத்துணியை அதுவரை அந்தச் சரிவில் கொண்டுபோனதே இல்லை. கூண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, நடை முழுக்க ஈரம். தம்பி மூன்று கூண்டுகளைக் கோத்துக்கொண்டு நின்றான். மொமெண்டம் வந்தார்.

"என்னப்பா மூணு? ஆறையும் சேத்து மாட்டு."

"சார், ஈரத்துணி சார். கல்லு மாதிரி கனக்குது."

"எருமை தள்ளும்பா. நீ மூணு மூணா ஊர்கோலம் போய் வந்தா மொமெண்டம் என்னாறது? மேல ஆபரேஷனுக்கு அங்கி இல்லாம நிக்கிறாங்க."

நான் மடிக்கிற மேஜையிலிருந்து என் இரண்டு காதால் கேட்டேன். மொமெண்டமும் நம் பாஷைக்காரர்தான். இதை மறந்துவிட வேண்டாம், நானும் மறக்கவில்லை.

தம்பி ஆறையும் மாட்டினான். கொஞ்ச நேரத்தில் "மாமா!" என்று ஒரு கத்தல் கேட்டது. அது மனிதக் குரல் மாதிரியே இல்லை. ஓடினேன். என் வீட்டுக்காரர் கதவு நிலைக்கும் முதல் கூண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டுதான் இருந்தார். ஓய்வாகச் சாய்ந்து நிற்கிற மாதிரி. இரண்டு உள்ளங்கையும் கூண்டின் மேலேயே இருந்தன. தம்பி கூண்டுகளின் மேலேறித் தாண்டி வந்து முதல் கூண்டைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தான். அது அசையவே இல்லை.

"ஒண்ணுமில்லடி. மூச்சு மட்டும் முட்டுது" என்றார் என்னைப் பார்த்து.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தோம். அடித்தளத்திலிருந்து லிஃப்டில் மேலே கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இருந்தும் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். நாங்கள் மடித்து அனுப்பிய விரிப்பில்தான் கிடத்தியிருந்தார்கள். அதன் ஓரத்தில் எங்கள் கூடத்து முத்திரை இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, பாழாய்ப்போன அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு தம்பி சொன்னது ஒன்றே ஒன்றுதான். யார் கேட்டாலும் அதையேதான் சொன்னான்.

"மெதுவாத்தாங்க்கா வந்துச்சு. மாமா கைய வெச்சாரு. நிக்கல."

என் மாமியாருக்கு அது புரியவில்லை. ஒரே மகனைப் பறிகொடுத்தவள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். "மெதுவா வந்தா எப்படிடா ஆளு சாவான்? என் பிள்ளை என்ன எறும்பா?" என்று கேட்டாள்.  வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். ஒரே கூடத்தில் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினோம். எனக்கு அப்போது ஒரே ஒரு எண்ணம்தான். புருஷன் போயாச்சு, இவனாவது எனக்கு மிஞ்ச வேண்டும். வண்டியை நிறுத்தாமல் ஓட்டி ஆளைக் கொன்றான் என்று முடிவானால் வேலை போவதோடு நிற்காது, சிறை என்று சொல்லிவிட்டார்கள்.

விசாரணையை ஆஸ்பத்திரி நிர்வாகம் மாடியில் ஒரு குளிர்சாதன அறையில் வைத்தது. நீள மேஜை, ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர் பாட்டில். விசாரிக்கிறவர்களுக்கு இங்கிலீஷ்தான். அதனால் தம்பிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். கோட்டு போட்ட பெரியவர். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி தமிழ் பேசினார்.

"தாங்கள் வாகனத்தை வேகமாகச் செலுத்தினீர்களா?"

தம்பி எழுந்து நின்றான். அவன் சாதாரணமாக ஸ்பீடு என்றுதான் சொல்லுவான். ஸ்பீடா வரல, ஆனா வந்த வேகத்துல நிக்கல என்று வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பான்! ஆனால் அந்தக் கோட்டையும் அந்தத் தமிழையும் பார்த்ததும் இவனுக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது. நல்ல தமிழில் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டான், மடையன்.

"இல்லைங்க ஐயா. வேகமே இல்லைங்க."

"பின்னர் விபத்து எவ்வாறு நேர்ந்தது?"

"வந்த வேகத்துல மோதிடுச்சுங்க ஐயா."

பெரியவர் கண்ணாடிக்கு மேலே அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் பேச வராது, அரைகுறையாகப் புரியும். முதல் பதிலிலும் ஸ்பீடு வந்தது, இரண்டாவது பதிலிலும் ஸ்பீடு வந்தது. ஸ்பீடு இல்லை என்கிறான், உடனே ஸ்பீடால் மோதியது என்கிறான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். பொய் சொல்கிறவனைப் பார்க்கிற பார்வை எல்லா பாஷையிலும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் தொழிற்சங்கத்துக்காரரைச் சொல்ல வேண்டும். அவருக்கும் நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம், ஒலிபெருக்கி. வாயைத் திறந்தால் மூட மாட்டார், நல்ல மனுஷன். அந்த விசாரணைக்கு எங்கள் துணைக்கு வந்திருந்தார். "அய்யய்யோ, அது வேற வேகம், இது வேற வேகம்!" என்று எழுந்து கத்தினார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. மறுபடி சொன்னார்கள், மறுபடி கத்தினார். அடுத்த விசாரணைக்கு அவர் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம வாயில வேகம்னா ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்மா. எவ்வளவு சீக்கிரம் வருதுங்கறதும் வேகம்தான், வந்த வாக்குல போய் முட்டுதே அதுவும் வேகம்தான். அவங்களுக்கு ரெண்டாவதுக்குத் தனியா ஒரு வார்த்தை இருக்கு."

"என்ன வார்த்தை?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "சிரிக்கக் கூடாது. மொமெண்டம்."

நான் சிரிக்கவில்லை. தம்பிதான் வாயைப் பிளந்தான். "என்னண்ணே சொல்றீங்க? அந்தாளு தினமும் கத்துவாரே, அதுவா?"

"அவரு சொல்றது ஆபீஸ் பேச்சு. ஓடற வேலை நிக்காம ஓடணும்னு அளந்துவிடறது. நெஜ அர்த்தம் வேற. கனமும் வேகமும் சேந்ததுதான் மொமெண்டம்." ஒலிபெருக்கி மாமியாரைப் பார்த்துத் திரும்பினார். "அம்மா, ஒரு ஈ சர்ருனு பறந்து வந்து உங்க நெத்தியில மோதுது. செத்தா போயிடுவீங்க?"

"ஈ மோதி யாருய்யா சாவா?"

"அதே, ஒரு பீரோ மெதுவா சாயுது. ரொம்ப மெதுவா. கையை வெச்சு நிறுத்திடுவீங்களா?"

 மாமியார் மூலையில் இருந்த பீரோவைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு, மகன் செத்த நாளிலிருந்து முதல் தடவையாக என் தம்பியிடம் நேரடியாகப் பேசினாள். "அதான் மெதுவா வந்துச்சுன்னு சொன்னியாடா?"

"ஆமாத்தை" என்று சொல்லிவிட்டு அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் எழுந்துபோய் அவனுக்குத் தட்டு வைத்தாள். அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

ஒலிபெருக்கி அவனுக்குப் பாடம் எடுத்தார். வேகம் என்ற பேச்சையே எடுக்காதே. காரணம் என்ன என்று கேட்டால் மொமெண்டம் என்று சொல். அந்த ஒரு வார்த்தை போதும், படித்தவர்கள் புரிந்துகொள்வார்கள். தம்பி நடக்கும்போதும் குளிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். "மொமெண்டத்துனாலதான் நிக்கல, மொமெண்டத்துனாலதான் நிக்கல." மாமியாரே ஒருநாள் கேட்டுவிட்டு, "நல்லா வருதுடா" என்றாள்.

இரண்டாவது விசாரணை. அதே அறை, அதே கோட்டு. மொமெண்டமும் வந்திருந்தார். அவரை முதலில் கேட்டார்கள். அவர் இங்கிலீஷிலேயே பதில் சொன்னார். மூன்று கூண்டுக்கு மேல் மாட்டக் கூடாது என்பது விதி, அது எல்லோருக்கும் தெரியும், ஆறு மாட்டும்படி தான் சொல்லவே இல்லை என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னார்.  வேறு சாட்சி கிடையாது. நான் காதால் கேட்டதைச் சொன்னபோது, அக்காக்காரி தம்பிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

பிறகு தம்பியை எழுப்பினார்கள்.

"விபத்துக்குக் காரணம் யாதெனத் தாங்கள் கருதுகிறீர்கள்?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"மொமெண்டங்க ஐயா. மொமெண்டத்துனாலதான் நிக்கல."

பெரியவர் ஒரு கணம் யோசித்தார். நம் பேச்சில் நான் நிக்கல என்றாலும் நிக்கல, அது நிக்கல என்றாலும் நிக்கல. யார் நிற்கவில்லை என்பதைக் கேட்கிறவனே சேர்த்துப் புரிந்துகொள்வான். வீட்டில் அவன் நூறு தடவை சொன்னபோதும் வண்டி என்றுதான் எங்களுக்குப் புரிந்தது, வேறு விதமாகப் புரிந்துகொள்ள முடியும் என்றே தோன்றவில்லை. இங்கிலீஷில் அப்படி விட முடியாதாம். யார் என்று முதலிலேயே சொல்லியாக வேண்டுமாம். அவர் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"ஐ டிட் நாட் ஸ்டாப்" என்று தொடங்கினார்.

ஐ என்றால் நான். இட் என்றால் அது. அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். அறைக்கு வெளியே, நடையில், எங்கள் கூடத்தில், எல்லாச் சுவரிலும் ஓடுகிற ஆள் படம் போட்டு, மொமெண்டத்தை விடாதீர்கள் என்று நிர்வாகம் ஒட்டியிருந்தது. விசாரிக்கிற அம்மாள் பேனாவை எடுத்தாள். அடுத்த கேள்வி மெதுவாக, பரிதாபப்படுகிற குரலில் வந்தது.

"மொமெண்டம் என்னும் சொல்லைத் தாங்கள் எங்கே அறிந்தீர்கள்?"

தம்பிக்கு அப்போதுதான் உற்சாகம் வந்தது. மொமெண்டத்தை மாட்டிவிட ஒரு வழி கிடைத்துவிட்டதாக நினைத்துவிட்டான். கையை நீட்டி அவரைக் காட்டினான்.

"இந்த சார்தாங்க தினமும் சொல்லுவாரு! மொமெண்டம் போகக் கூடாது, நிக்கக் கூடாதுன்னு!"

முடிந்தது. வேலை நிற்கக் கூடாது என்பதை, எதிரே ஆள் நின்றாலும் நிற்கக் கூடாது என்று புரிந்துகொண்ட ஒரு படிக்காத முட்டாள் என்று எழுதிக்கொண்டார்கள். எழுதும்போது அந்த அம்மாள் தலையை லேசாக ஆட்டினாள், பாவம் என்பது போல.

நான் எழுந்து கத்தினேன். "வண்டிங்க! வண்டிதாங்க நிக்கல! அவன் பிரேக் போட்டான், வண்டி நிக்கல!"

"அம்மையீர், தாங்கள் சாட்சியல்ல" என்றார் கோட்டு.

மொமெண்டத்தைப் பார்த்தேன். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். எங்கள் கூடத்தில் நிக்கல, நடக்கல, ஓடல என்று ஆயிரம் பேர் பேசுவதை இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற மனிதர். தன் ஷூ முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அவர் வந்ததும் வழிமறித்தேன்.

"உங்களுக்குத் தெரியும்ல சார்? அவன் வண்டியத்தானே சொன்னான்?"

"மொழிபெயர்ப்பாளர் வேலையில நான் எப்படிம்மா தலையிட முடியும்?" என்று சொல்லிவிட்டு விலகி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் நடை வேகமாயிற்று.

ஒலிபெருக்கி மேலிடத்துக்கு மனு கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் அங்கீகாரம் பெற்றவர், பதிவில் பிழையில்லை என்று பதில் வந்தது. தம்பிக்கு வேலை போனது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மாமியார் மறுபடி மாறிவிட்டாள். "அவன் வாயாலேயே சொல்லியிருக்கானே, நிக்கலன்னு" என்பாள். நான் வண்டியைச் சொன்னான் என்பேன். "அத்தனை பெரிய படிப்பு படிச்சவங்களுக்குப் புரியாததா உனக்குப் புரிஞ்சிடுச்சு?" என்பாள். பீரோவைப் பற்றி ஞாபகப்படுத்தினால் அழுவாள். நான் அவளோடு சண்டை போட்டேன், பாத்திரங்களைப் போட்டு உடைத்தேன், ஒரு தடவை வெளியே போ என்றுகூடச் சொன்னேன். போக இடமில்லாதவள், அவள் எங்கே போவாள்?

தம்பி சண்டைக்கே வரவில்லை. மூலையில் உட்கார்ந்து வலது கையை மூடி மூடித் திறந்துகொண்டிருப்பான். எருமையின் கைப்பிடி அப்படித்தான். பிடித்தால் ஓடும், விட்டால் பிரேக். முதலில் என்னிடம், "கைப்பிடியை விட்டேன்க்கா, சத்தியமா விட்டேன்" என்பான். கொஞ்ச நாள் போனதும், "விட்டேன்னுதான் நினைக்கிறேன்க்கா" என்றான். பிறகு ஒருநாள் சமைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, மாமா போதும்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுன்னு நீதானேடா சொன்ன! கேட்டுத்தானே கைய விட்ட!"

"நான் சொன்னது ஞாபகம் இருக்கு. கேட்டது ஞாபகம் இல்லை."

கரண்டியைத் தூக்கி எறிந்தேன். "பைத்தியம் மாதிரி உளறாதடா! கோர்ட்டுல இப்படிப் பேசிக் கெடுத்துக்காத!" என்றேன். அவன் குனிந்து கரண்டியை எடுத்துக் கழுவிக் கொடுத்தான். அவன் எப்போதுமே சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கோர்ட்டில் நல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒலிபெருக்கி நாயாய் அலைந்தார். கடைசியில் ஓர் அம்மாளை நியமித்தார்கள். என் வயதுதான் இருக்கும். சளி பிடித்து இருமிக்கொண்டே இருந்தாள், கையில் கைக்குட்டை. கோட்டும் இல்லை, செய்தி வாசிக்கிற தமிழும் இல்லை. உள்ளே போவதற்கு முன் தம்பியிடம் வந்து, "சாப்ட்டியாப்பா? பயப்படாம உன் பேச்சுல பேசு, நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நீதிபதி வயதானவர், பொறுமையாகக் கேட்டார். அரசு கொடுத்த வக்கீல் தம்பியை அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னார். தம்பி சொன்னான். ஈரத்துணி, ஆறு கூண்டு, சரிவு. அந்த அம்மாள் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாங்கி வாங்கிச் சொன்னாள். ஆறு கூண்டு மாட்டச் சொன்னது யார் என்பதைக்கூட அழுத்தமாகச் சொன்னாள். மொமெண்டம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக அவர் நெற்றியைத் துடைப்பதைப் பார்த்தேன்.

"மாமா கைய வெச்சாரு. நிக்கல" என்றான் தம்பி.

அந்த அம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள். நீதிபதியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். பதிலில் ஒரு சந்தேகம், மொழிபெயர்ப்பதற்கு முன் தெளிவுபடுத்திக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கேட்டாள். எனக்குப் புரிந்தது. நான் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் மாமியாரும் நிமிர்ந்தாள். நீதிபதி தலையசைத்தார்.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லணும். நிக்கலன்னு சொன்னியே. வண்டி நிக்கலையா, நீ நிக்கலையா?"

கடவுளே, இதைத்தானே இத்தனை மாதமாக எவனும் கேட்கவில்லை! எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சொல்லுடா என்று மனதுக்குள் கத்தினேன். வண்டின்னு சொல்லுடா, ஒரே ஒரு வார்த்தை.

தம்பி அவளைப் பார்த்தான். அப்புறம் மாமியாரைப் பார்த்தான். வலது கையை ஒரு தடவை மூடினான். 

"நாந்தாங்க" என்றான்.

அந்த அம்மாளுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்னவோ. அல்லது விழுந்தும் நம்பவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து, "தம்பி, கேள்வி புரிஞ்சுதா? வண்டி நிக்கலையான்னு கேட்டேன்" என்றாள்.

"புரிஞ்சுதுங்க. நாந்தாங்க நிக்கல." அவன் குரல் நடுங்கவில்லை. "எனக்கு இப்ப அப்படித்தாங்க ஞாபகம் இருக்கு."

நான் எழுந்தேன்.  மாமியார் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். உட்காரச் சொல்கிறாளா, தானும் எழப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. அந்த அம்மாள் கைக்குட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பி, அவன் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். இந்தத் தடவை மொழிபெயர்ப்பில் ஒரு தப்பும் இல்லை.